கள்ளியும் கற்றாழையும்

சித்திரை மாதத்து நண்பகல். கிணற்றின் நீர் அடிமட்டத்திற்குச் சென்றுவிட்டது. இறைக்கும் நீர் வீட்டுத் தேவைக்கும் கால்நடைகளுக்குமே போதவில்லை. தோட்டத்தில் கனகாம்பரம் துவண்டு தலை சாய்க்கின்றது. வாழையிலையின் ஓரங்கள் கருகிச் சுருள்கின்றன. புல்தரை வைக்கோல் நிறங் கொண்டுவிட்டது. அதே தோட்டத்தின் ஓரத்தில், ஒருவரும் ஒரு குவளை நீரும் ஊற்றாத வரப்பின்மேல், சோற்றுக்கற்றாழை கொழுத்த இலைகளை விரித்து நிற்கின்றது. அதற்கு அப்பால் வேலியோரத்தில் கள்ளி பச்சைத் தூண்களைப்போல நிமிர்ந்து நிற்கின்றது. அவற்றின் இலையையோ தண்டையோ சற்றே கீறினால் உள்ளிருந்து ஈரம் கசிகின்றது. மண்ணில் இல்லாத நீர் அச்செடிகளின் உடலில் எங்ஙனம் வந்தது?

தமிழ்நாட்டில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்துவிடுகின்றது. தை பிறந்தபின் கோடைமழை பெய்யும்வரை வானம் வெறிச்சென்றிருக்கும். இராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற வறண்ட பகுதிகளில் தோட்டம் போடுவோர் அனைவரும் இக்கணக்கை நன்கறிவர். காய்கறிப் பாத்திக்கும் பூஞ்செடிக்கும் நீர் விடுவதே அரிதாக இருக்கும்போது, தோட்டத்தின் விளிம்பில் நிற்கும் செடிகளுக்கு நீர் விடுவார் யார்? ஆயினும் விளிம்பு வெறுமையாகக் கிடந்தால் மண் காற்றில் பறக்கும்; மழைக்காலத்தில் கரைந்தோடும்; ஆடுகள் தடையின்றி உள்ளே நுழையும். ஆகவே, பெய்த மழையைத் தாமே சேர்த்து வைத்துக்கொண்டு ஆண்டு பலவும் வாழக்கூடிய செடிகளே அவ்விடத்திற்கு ஏற்றவை. இவற்றைச் சதைப்பற்றுள்ள செடிகள் என்று தாவரநூலார் வழங்குவர்.

இச்செடிகளுள் சில இலையில் நீரைச் சேமிக்கின்றன. கற்றாழையும் ரணகள்ளியும் இவ்வகையின. சில தண்டில் சேமிக்கின்றன. சதுரக்கள்ளியும் பிரண்டையும் அவ்வகையின. இலையோ தண்டோ, எதுவாயினும் அதன் உட்பகுதி மெல்லிய சுவருடைய பெரிய உயிரணுக்களால் நிரம்பியிருக்கின்றது. அவ்வணுக்களில் வழுவழுப்பான ஒரு கூழ் உண்டு. அக்கூழ் நீரை எளிதில் விடுவதில்லை. கற்றாழையின் 'சோறு' என்று மக்கள் கூறுவது இதனையே. வெளிப்புறத்திலோ மெழுகு பூசினாற்போன்ற தடித்த தோல் போர்த்தியிருக்கின்றது. விரலால் தேய்த்தால் சில செடிகளின் தோலிலிருந்து வெண்ணிறப் பொடி ஒட்டிக்கொள்ளும், அதுவும் மெழுகே.

தண்டில் நீரைச் சேமிக்கும் செடிகள் இலையையே கைவிட்டுவிட்டன என்று கூறலாம். சதுரக்கள்ளியில் மழைக்காலத்தில் சிற்றிலைகள் தோன்றும். ஈரம் குறைந்ததும் உதிர்ந்துவிடும். பரந்த இலை இருந்தால் வெயில் படும் பரப்பு மிகுதி. ஆகவே நீரிழப்பும் மிகுதி. இலை செய்ய வேண்டிய தொழிலைப் பசுந்தண்டே ஏற்றுக்கொள்கின்றது. அத்தண்டு உருண்டையாக இல்லாமல் பட்டை பட்டையாக அமைந்திருப்பதற்கும் காரணம் உண்டு. மழைக்காலத்தில் நீர் நிரம்பும்போது பட்டைகளுக்கு இடையேயுள்ள பள்ளங்கள் விரிகின்றன. கோடையில் நீர் குறையும்போது அவை சுருங்கி மடிகின்றன. கொல்லனது துருத்தி விரிந்து சுருங்குவதைப்போல இத்தண்டும் கிழியாமல் விரிந்து சுருங்குகின்றது. கோடையில் கள்ளி மெலிந்து காணப்படுவது நோயன்று. செலவு செய்யப்பட்ட சேமிப்பின் அடையாளம்.

நீரைச் சேர்த்து வைப்பது ஒரு பாதி; அதனை இழக்காமல் காப்பது மறு பாதி. இப்பாதியில்தான் வியப்பிற்குரிய செய்தி அடங்கியுள்ளது. எல்லாப் பசுஞ்செடிகளும் கரியமிலவாயுவைக் காற்றிலிருந்து பெற்று, சூரிய ஒளியின் துணையால் மாப்பொருளை ஆக்குகின்றன. அவ்வாயு உள்ளே புகுவதற்கு இலையில் கண்ணுக்குப் புலனாகாத துளைகள் எண்ணற்றவை உண்டு. துளை திறந்தால் வாயு உள்ளே வரும். ஆனால் அதே வழியாக நீராவி வெளியே போகும். நெல் முதலிய பயிர்கள் பகலில் துளைகளைத் திறந்து வைக்கின்றன. 1 கிராம் கரியமிலவாயுவைப் பெறுவதற்கு 400 முதல் 500 கிராம் வரை நீரை ஆவியாக விட்டுவிடுகின்றன. வயலில் நீர் நிற்கும்வரை அவற்றிற்குக் கவலை இல்லை. கள்ளியும் கற்றாழையும் அவ்வாறு செலவு செய்தால் ஒரு கோடையையும் கடக்க இயலாது.

ஆகவே அவை காலத்தை மாற்றிக்கொண்டன. பகலெல்லாம் துளைகளை மூடிவைத்து, வெயில் தணிந்து காற்றில் ஈரம் ஏறிய இரவிலே திறக்கின்றன. இரவில் ஒளி இல்லையாதலால், உள்ளே வந்த வாயுவைக் கொண்டு உடனே உணவு ஆக்க முடியாது. அதனை மாலிக் அமிலம் என்னும் புளிப்புப் பொருளாக மாற்றி உயிரணுக்களில் அடைத்து வைக்கின்றன. பொழுது விடிந்ததும் துளைகள் மூடிக்கொள்கின்றன; அமிலத்திலிருந்து வாயு மீண்டும் வெளிப்படுகின்றது; மூடிய கதவுகளுக்கு உள்ளேயே சூரிய ஒளியில் உணவு சமைக்கப்படுகின்றது. இம்முறையில் 1 கிராம் கரியமிலவாயுவிற்கு 50 முதல் 100 கிராம் நீரே செலவாகின்றது. இச்சிக்கனத்திற்கு ஒரு விலையும் உண்டு. ஓர் இரவில் அடைத்து வைக்கக்கூடிய அமிலத்தின் அளவு மிகக் குறைவு. ஆகவே இச்செடிகள் பெரும்பாலும் மெல்லவே வளர்கின்றன. வேலியோரத்தில் கள்ளி நட்டவர் பொறுமையுடையவராக இருத்தல் வேண்டும்.

இவ்வுண்மை வெளிப்படுவதற்குத் தென்னிந்தியாவில் பணியாற்றிய ஒருவரது நாக்கு துணை செய்தது. பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் செருமானிய நாட்டினர். தரங்கம்பாடிக்குச் சமயப்பணி புரிய வந்து, பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவர ஆராய்ச்சியாளராக விளங்கி, 1819ஆம் ஆண்டில் சென்னையில் மறைந்தவர். அவர் ரணகள்ளியின் இலையை வெவ்வேறு பொழுதுகளில் மென்று பார்த்தார். காலையில் அது புளிச்சக்கீரைபோலக் கடும் புளிப்பாக இருந்தது. பகல் ஏற ஏறப் புளிப்பு குறைந்து, நண்பகலில் சுவையற்றுப் போயிற்று. மாலையில் சிறிது கசந்தது. இதனை 1813ஆம் ஆண்டில் இலண்டன் லின்னேயன் சங்கத்தைச் சேர்ந்த லாம்பர்ட் என்பவருக்குக் கடிதமாக எழுதினார். புளிப்பு எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்னும் வினாவிற்கு முழு விடை கிடைக்க அதன்பின் நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்று நுண்ணிய கருவிகள் காட்டும் உண்மையை அன்று நாக்கு ஒன்றே காட்டியது. ஆனால் கண்ட செடியையெல்லாம் மென்று பார்ப்பது அறிவுடைமை ஆகாது. கள்ளியினத்துள் பல நஞ்சுடையவை.

கள்ளி தமிழர்க்குப் புதியதன்று. பாலை பாடிய பெருங்கடுங்கோ என்னும் சங்கப்புலவர், பொருள் தேடிச் சென்ற தலைவன் கடந்த வழியைக் கள்ளிக்காடு என்றே குறுந்தொகையில் குறிக்கின்றார். அப்புலவர் கண்ட கள்ளி இந்நாட்டிற்கு உரியது. இன்று மக்கள் 'கள்ளி' என்று பொதுவாகக் கூறும் செடிகளுள் பல அவ்வாறு உரியவை அல்ல. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதற்கும் சதுரக்கள்ளிக்கும் உறவே இல்லை. சதுரக்கள்ளி ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. சப்பாத்தியோ முற்றிலும் வேறான ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்துச் செடிகள், ஒரே ஓர் இனம் தவிர, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இயற்கையாகத் தோன்றியவை. கடல் கடந்த இரு நிலங்களில், வறட்சி என்னும் ஒரே ஆசிரியரிடம் பயின்ற இரு மாணவர்கள் ஒரே விடையை எழுதியதுபோல, இவ்விரு குடும்பங்களும் ஒத்த உருவத்தைப் பெற்றன.

இரண்டையும் வேறுபிரித்து அறிவது எளிது. உண்மைக் கள்ளியைக் கீறினால் வெண்ணிறப் பால் வடியும். சப்பாத்தியில் பால் இல்லை, வழுவழுப்பான நீரே உண்டு. சதுரக்கள்ளியின் முட்கள் இரண்டிரண்டாகப் பட்டையின் விளிம்பில் அமைந்திருக்கும். சப்பாத்தியின் முட்கள் பஞ்சுத்திண்டு போன்ற சிறு புள்ளிகளிலிருந்து கொத்தாகக் கிளம்பும். அப்புள்ளிகளில் மயிரிழை போன்ற நுண்முட்களும் உண்டு. சப்பாத்திப் பழத்தை மணலில் புரட்டித் தேய்த்தபின்னரே கிராமத்துச் சிறுவர் உண்பர். அவசரப்பட்டவர் நாவில் தைத்த முள்ளை எடுக்க முடியாமல் நாள் முழுவதும் துன்புறுவர்.

தோட்டத்தின் ஓரத்தில் நடுவதற்கு முதலில் எண்ணத்தக்கது சோற்றுக்கற்றாழை. கல் என்னும் சொல்லும் தாழை என்னும் சொல்லும் புணர்ந்தே கற்றாழை ஆயிற்று என்பர். தாழைபோன்ற நீண்ட இலையும், கல்லாங்குத்து நிலத்திலும் வாழும் இயல்பும் அதற்கு உண்டு. அரேபியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்ட இச்செடி மிகப் பழைய காலத்திலேயே இந்தியாவிற்கு வந்து, குமரி என்னும் பெயருடன் சித்தமருத்துவத்தில் இடம் பெற்றுவிட்டது. இலையின் தோலுக்கு அடியில் மஞ்சள் நிறமான கசப்புச்சாறு உண்டு. அது பேதியாக்கும் தன்மையது. அதனை உலர்த்திச் செய்வதே கரியபோளம். ஆகவே சோற்றை எடுப்போர் இலையை வெட்டிச் சிறிது நேரம் சாய்த்து வைத்து, மஞ்சள் சாறு முழுவதும் வடிந்தபின், பலமுறை கழுவி எடுத்துக்கொள்வர். தாய்ச்செடியின் அடியில் பக்கக்கன்றுகள் தோன்றிக்கொண்டே இருக்கும். பத்துக் கன்றுகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டால், சில ஆண்டுகளில் இடைவெளி தெரியாத ஒரு பசுங்கரை அமைந்துவிடும்.

மருள் என்பது மற்றொன்று. இது இந்நாட்டுக்கே உரியது. வாள்போல நிமிர்ந்து நிற்கும் இதன் இலைகளில் வெண்மையும் கரும்பசுமையுமான வரிகள் குறுக்கே ஓடும். பண்டைக்காலத்தில் இதன் நாரினால் வில்லுக்கு நாண் திரித்தனர். மரநிழல் விழும் ஓரங்களில் கற்றாழை மெலிந்துவிடும். மருளோ அங்கேயும் தழைக்கும். இதன் உறவுச்செடி ஒன்று இக்காலத்தில் நகரத்து வீடுகளில் தொட்டியில் வைத்து வளர்க்கப்படுகின்றது. விலை கொடுத்து அதனை வாங்குவோர், அதன் இனத்தது ஒன்று ஊர்ப்புறத்துப் புதரில் கேட்பாரற்றுக் கிடப்பதை அறியார்.

கம்பிவேலி உள்ள இடத்தில் பிரண்டை தானே ஏறிக்கொள்ளும். நான்கு பட்டைகளும் கணுக்களுமாக அமைந்த இதன் தண்டில் இரண்டு கணுக்கள் உள்ள ஒரு துண்டு இருந்தால் போதும். இளங்கொழுந்து துவையலுக்கு ஆகும். பச்சையாகத் தொட்டால் அரிக்குமாதலால், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரித்து, நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைப்பது இல்லத்தரசியர் கண்ட முறை. வேலிக்கு வேலியும் ஆகி, உணவிற்கு உணவும் ஆகும் செடிகள் உலகில் பல இல்லை.

ரணகள்ளி பெயரளவில் கள்ளியே தவிர இனத்தால் கள்ளி அன்று. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த இதனை நடுவதற்குக் குழியும் வேண்டுவதில்லை. இலை ஒன்று தரையில் விழுந்தால், அதன் விளிம்பிலுள்ள ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் வேரும் தளிருமாகச் சிறு கன்று எழும். இதனாலேயே இதனை எச்சரிக்கையுடன் நடுதல் வேண்டும். ஓரத்தில் வைத்த செடி மூன்று மழைக்காலங்களுக்குள் பாத்தியின் நடுவே வந்துவிடும். கற்பூரவல்லியும் ஓரளவு நீர் சேமிக்கும் செடியே. ஆயினும் கடுங்கோடையில் அதற்குச் சிறிது நீர் வேண்டும். பல நிறங்களில் மலரும் பத்துமணிப்பூச் செடியை முன்வரிசையில் பரப்பலாம்; அது நெடுநாள் வாழ்வதன்று என்பதை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பெரிய தோட்டத்தின் எல்லைக்கு ஆனைக்கற்றாழை ஏற்றது. மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த இது பெயரால் கற்றாழையாயினும் சோற்றுக்கற்றாழைக்கு நெருங்கிய உறவினது அன்று. சோற்றுக்கற்றாழையின் இலையை ஒடித்தால் முறியும். ஆனைக்கற்றாழையின் இலையில் வலிய நார் இருப்பதால் முறியாது. சோற்றுக்கற்றாழை ஆண்டுதோறும் பூக்கும். ஆனைக்கற்றாழையோ பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை பூவாமல் சேர்த்துச் சேர்த்து வைத்து, ஒருநாள் நடுவிலிருந்து கம்பம் போன்ற பூந்தண்டை எழுப்பும். அது சில வாரங்களிலேயே 20 அடிக்கு மேல் உயர்ந்துவிடும். வாழ்நாள் முழுவதும் ஈட்டிய நீரும் மாப்பொருளும் அத்தண்டிலேயே செலவாகி, பூத்து முடிந்ததும் தாய்ச்செடி உலர்ந்து வீழ்ந்துவிடும். அதன் அடியில் முளைத்த கன்றுகள் அவ்விடத்தை ஏற்றுக்கொள்ளும். இலைநுனியிலுள்ள முள் ஊசியைவிடக் கொடியது. நடைபாதையிலிருந்து ஆறு அடியேனும் தள்ளி இதனை நடுதல் வேண்டும். சிறுகுழந்தைகள் ஓடி விளையாடும் இடத்தில் நடாதிருத்தலே நன்று.

இனி, நடும் முறை. நீர் இல்லாமல் வாழும் செடி நீரினாலேயே சாகும் என்பது கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் தோட்டங்களில் மாண்டுபோகும் கள்ளி, கற்றாழைகளுள் பெரும்பாலானவை வறட்சியால் மாண்டவை அல்ல. வேர் அழுகி மாண்டவையே. இச்செடிகளின் வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை. மேல்மண்ணில் அகலமாகப் பரவி, பெய்யும் சிறுமழையையும் உடனே உறிஞ்சிக்கொள்ளும் இயல்பின. நீண்ட வறட்சியில் நுண்வேர்கள் உலர்ந்துவிடும். மழை பெய்த சில நாட்களுக்குள் புதிய வேர்கள் கிளம்பும். அத்தகைய வேர்களைச் சுற்றி நீர் தேங்கி நின்றால் அவற்றிற்குக் காற்று கிடைப்பதில்லை. அழுகல் நோய் எளிதில் பற்றிக்கொள்கின்றது.

செம்மண்ணும் மணற்பாங்கான நிலமும் இவற்றிற்கு இயல்பாகவே ஏற்றவை. கரிசல்மண் மழைநீரைப் பல நாட்கள் பிடித்து வைத்துக்கொள்ளுமாதலால், அங்கே தரைமட்டத்தில் நடுதல் பிழை. ஓரத்தில் முக்கால் அடி முதல் ஓர் அடி வரை உயரமாக மேடு கட்டி, அடியில் உடைந்த செங்கல்லும் ஓட்டுத்துண்டும் பரப்பி, அதன்மேல் மண்ணும் பருமணலும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்து இடல் வேண்டும். மேடு தோட்டத்தின் வெளிப்புறம் நோக்கிச் சற்றே சரிந்திருந்தால் மழைநீர் நிற்காது. மேற்பரப்பில் கூழாங்கல் பரப்புவது அழகிற்காக மட்டும் அன்று. இலைகள் ஈரமண்ணில் படாமல் காப்பதற்கும் அதுவே வழி. மட்கிய எரு சிறிதளவு போதும். கொழுக்க வேண்டும் என்று எருவை மிகுதியாக இட்டால், செடி மென்மையாக வளர்ந்து பூச்சிக்கும் அழுகலுக்கும் இரையாகும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் நடுவோர் பலர். மழைக்காலமே நடவுக்காலம் என்னும் பழக்கம் அவர்களை அவ்வாறு செய்விக்கின்றது. பிற செடிகளுக்கு அது பொருந்தும், இவற்றிற்குப் பொருந்தாது. மழை ஓய்ந்து, மண்ணில் மிதமான ஈரம் எஞ்சியிருக்கும் தை மாதமே தக்க காலம். கோடை முற்றுவதற்குள் வேர் பிடித்துவிடும். கள்ளியின் கிளையை வெட்டினால் உடனே நடுதல் கூடாது. பால் வடிந்து நிற்கும்வரை பொறுத்து, பின்னர் ஒரு வாரமேனும் நிழலில் கிடத்தி, வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டியபின் நடுதல் வேண்டும். பச்சைப்புண்ணோடு ஈரமண்ணில் புதைத்த கிளை மேலே பசுமையாகத் தோன்றிக்கொண்டே அடியில் அழுகிவிடும். கற்றாழைக் கன்றையும் வேர்மண்ணை உதிர்த்து இரண்டு நாள் நிழலில் வைத்து நடுவது நல்லது. நட்ட நான்கைந்து நாட்கள் நீர் விடாமலிருந்து, அதன்பின் வாரத்திற்கு ஒருமுறை சிறிது நீர் விட்டால் போதும். முதற்கோடையைக் கடந்துவிட்ட செடிக்குப் பெரும்பாலும் நீரே வேண்டுவதில்லை. இலை சுருங்கி மெலிந்தால் மட்டும் பத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை விடலாம்.

கள்ளியை நடுவோரும் வெட்டுவோரும் அதன் பாலை அஞ்சவேண்டும். இலையின்றிப் பச்சைக் குச்சிகளாகக் கிளைத்து நிற்கும் திருகுகள்ளியின் பால் மிகவும் கொடியது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இச்செடிக்குத் தாவரநூலில் வழங்கும் பெயரும் 'திருக்கள்ளி' என்பதே. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆம்ஸ்டர்டாம் நகரில் வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலில் பதிவாகியிருந்த அம்மலையாளநாட்டுப் பெயரை, லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் அப்படியே ஏற்றுக்கொண்டார். இதன் பால் தோலில் பட்டால் எரிந்து கொப்புளிக்கும். கண்ணில் பட்டால் கடும் வலியும், சில நாட்கள் பார்வைக்குறைவும் உண்டாகும். பட்டவுடன் கண்ணை நிறைந்த தூய நீரால் நெடுநேரம் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். ஆடுகள் கள்ளிவேலியை நெருங்காமைக்கும் இப்பாலே காரணம். ஆகவே கள்ளியை வெளி எல்லையில் நடுவதும், வீட்டை ஒட்டிய ஓரங்களில் கற்றாழையும் மருளும் நடுவதும் தக்க ஏற்பாடாகும்.

இத்தனை செடிகளைக் கூறியும் வேலிக்குப் பெயர்பெற்ற சப்பாத்தியைக் கூறாமல் விட்டது ஏன் என்று கேட்கலாம். அச்செடியின் வரலாறே அதற்கு விடை.

மெக்சிகோவில் சப்பாத்தியின்மேல் வாழும் ஒருவகைச் சிறு பூச்சியிலிருந்து விலையுயர்ந்த செஞ்சாயம் எடுக்கப்பட்டது. அவ்வாணிகம் முழுவதும் நெடுங்காலம் ஸ்பெயின் நாட்டினர் கையில் இருந்தது. அதனைத் தாமும் பெறவேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனியார் விரும்பினர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர், பூச்சி வருவதற்கு முன்பே அதற்கு உணவாகச் சைதாப்பேட்டையில் ஒரு சப்பாத்தித் தோட்டத்தை அமைத்தார். 1795ஆம் ஆண்டில் நீல்சன் என்னும் படைத்தலைவர் பிரேசில் நாட்டிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவிற்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆனால் வந்தது உயர்ந்த சாயம் தரும் பூச்சியன்று, அதன் உறவுப்பூச்சியே. சாயம் மட்டமாக இருந்தது, வாணிகம் செழிக்கவில்லை. பூச்சி மட்டும் செழித்து, ஒருவகைச் சப்பாத்தியைப் பெரும்பகுதி தின்று அழித்தது. 1836ஆம் ஆண்டை ஒட்டித் தென்னிந்தியாவிற்கு அதனைக் கொண்டுவந்தபோது இங்கேயும் அவ்வாறே நிகழ்ந்தது.

மஞ்சட்பூப் பூக்கும் மற்றொரு வகைச் சப்பாத்தியை அப்பூச்சி தீண்டவில்லை. தடுப்பார் இல்லாத அவ்வகை, வேலியிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து மேய்ச்சல் நிலத்திற்கும், ஊர்ப்பாதைக்கும் பரவியது. வெட்டிப் போட்ட ஒவ்வொரு தட்டும் விழுந்த இடத்தில் வேரூன்றியது. பழத்தைத் தின்ற பறவைகள் விதையைத் தொலைவிடங்களுக்குக் கொண்டுசென்றன. புதருக்குள் பாம்பும் எலியும் குடியேறின. நிலத்தைக் காக்க வைத்த வேலி நிலத்தையே விழுங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவிலும், 19ஆம் நூற்றாண்டில் வேலிக்காகவும் அழகிற்காகவும் நடப்பட்ட சப்பாத்தி, 1925ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் ஹெக்டேர் நிலத்தில் பரவி, உழவர் பலரை ஊரைவிட்டே ஓட்டியது. அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓர் அந்துப்பூச்சியின் புழுக்களே அதனைத் தின்று நிலத்தை மீட்டன. அந்நாட்டு மக்கள் 1936ஆம் ஆண்டில் பூனார்கா என்னும் சிற்றூரில் அப்பூச்சியின் பெயரால் ஒரு நினைவுமண்டபமே கட்டிவிட்டனர். புழுவிற்கு மண்டபம் எழுப்பியவர்கள் பட்ட துன்பம் எத்தகையது என்பதை அதனால் உணரலாம்.

தென்னிந்தியாவில் மீட்பு வேறொரு பூச்சியால் வந்தது. மஞ்சட்பூச் சப்பாத்தியைத் தின்னக்கூடிய சாயப்பூச்சியின் மற்றோர் இனம் ஆஸ்திரேலியாவிலிருந்து 1924ஆம் ஆண்டில் இலங்கைக்கும், அங்கிருந்து 1926ஆம் ஆண்டில் இந்தியாவிற்கும் கொண்டுவரப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் சப்பாத்திக்காடுகள் வாடிச் சரிந்தன. மூடிக்கிடந்த நிலங்கள் மீண்டும் ஏர் கண்டன. அவ்வெற்றிடங்களுள் பலவற்றைப் பிற்காலத்தில் சீமைக்கருவேலம் பற்றிக்கொண்டது வேறு கதை. அம்மரத்திற்கு 'வேலிக்காத்தான்' என்று மக்கள் இட்ட பெயரே, அதுவும் வேலியாக நுழைந்தது என்பதைக் காட்டுகின்றது.

சப்பாத்தி அடியோடு அழிந்துவிடவில்லை. ஊர்ப்புறத்து வரப்புகளிலும் கடற்கரை மணல்மேடுகளிலும் ஆங்காங்கே இன்றும் நிற்கின்றது. அதன் தட்டுகளில் வெண்பஞ்சைப் பிய்த்து ஒட்டினாற்போன்ற திட்டுகள் சில இடங்களில் காணப்படும். அப்பஞ்சிற்குள் மறைந்திருப்பது அந்தச் சாயப்பூச்சியே. ஒரு குச்சியினால் அதனை நசுக்கினால் குருதிபோன்ற செஞ்சாயம் வெளிப்படும்.